சாஃப்ட்பால் பிட்சிங்: ஒரே கை, மூன்று நம்பர். எதை நம்புவது?

முதுநகர் வலைக்கடை (கேள்வி)

வணக்கம். கடலூர் முதுநகரில் கயிறு, வலை, மிதவை விற்கிற கடை என்னுடையது. விளையாட்டு பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதோடு சரி. தப்பாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

பெரிய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக சாஃப்ட்பால், போன வருடத்திலிருந்து பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிகிறவள். கையை ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புப் பக்கத்தில் விடுவார்களே, அந்த விண்ட்மில் முறை. கடைக்குப் பின்னால் வலை உலர்த்துகிற நீளமான இடம் இருக்கிறது. அங்கே நான்கு சவுக்குக் கழி நட்டு, விற்காமல் கிடந்த பழைய வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் பின்னாலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் எட்டிப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு அணித் தேர்வுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒருவர் பந்து வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன் வைத்திருந்தார். மகள் ஆறு பந்து போட்டாள். 60, 59, 60 என்றே வந்தது, கிலோமீட்டர் கணக்கில். "வேகம் பத்தலைம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுநகர் ஸ்டாப் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் பையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து புதுச்சேரியில் எங்களுக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் போனோம். அவரிடமும் ஒரு கன் உண்டு. அதில் 74. அதே பெண், அதே கை, பத்து நாளில் 14 கிலோமீட்டர் கூடுமா?

சரி, நாமே பார்ப்போம் என்று வீட்டில் செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். பிட்சிங் தூரம் 13.11 மீட்டர் என்று சொன்னார்கள். பந்து போய்ச் சேர 0.49 விநாடி. கணக்குப் போட்டால் 96! சின்னவன் கைதட்டினான். பெரியவள் மட்டும் "அப்பா, சும்மா இரு" என்றாள்.

என் கேள்வி இரண்டு. இந்த மூன்றில் எது உண்மை? ஆன்லைனில் ஒரு கன் பதினெட்டாயிரம் என்று காட்டுகிறது, வாங்கலாமா? மழைக் காலத்தில் எங்கள் கடை வியாபாரம் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். யோசித்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

---

சில்வர் பீச் சுண்டல்

அண்ணே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரத்துக்குப் பின்னால் ஒரு கன்னோடு நிற்கிறார்களே, அவர்களிடம் பத்து நிமிடம் கடன் கேளுங்கள். ஹெல்மெட் மட்டும் மறக்காதீர்கள்.

விளையாட்டில்லை, இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1940இல் அமெரிக்காவில் பாப் ஃபெல்லர் என்ற பேஸ்பால் பிட்சரின் வேகத்தை அளக்க வேறு வழியில்லாமல் போலீஸ் மோட்டார் சைக்கிளோடு பந்தயம் விட்டார்கள். வண்டி மணிக்கு 86 மைல் வேகத்தில் அவரைத் தாண்டிப் போகிறது, அவர் எறிகிறார், பந்து முந்திப் போய் அட்டையைக் கிழிக்கிறது. அப்புறம் 1974 வாக்கில் டேனி லிட்வைலர் என்ற கல்லூரிப் பயிற்சியாளர், வளாகப் போலீஸ்காரர்கள் ரேடாரில் வண்டிகளை அளப்பதை அறிந்து, "இதில் பந்தை அளக்க முடியாதா?" என்று கேட்கப் போய்த்தான் பேஸ்பாலுக்கு ரேடார் கன்னே வந்தது. ஆகவே போலீஸ் யோசனை எனக்கு முன்னாலேயே ஒருவருக்கு வந்திருக்கிறது.

---

சேதராப்பட்டு கேலிபரேஷன்

முதுநகர் அண்ணா, வணக்கம். எனக்கு லாஸ்பேட்டை. தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. தராசு சரியா, பிரஷர் கேஜ் சரியா என்று பார்ப்பதிலேயே பதினாறு வருடம் ஓடிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தேர்வில் கன் வைத்திருந்தவர் எங்கே நின்றார்? பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சருக்கு நேர் பின்னாலா, பக்கவாட்டிலா?

---

முதுநகர் வலைக்கடை

பக்கவாட்டில்தான். கேட்சருக்குப் பின்னால் பெற்றோர்கள் கூட்டம். அவர் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருக்கும். கயிறு அளந்து விற்கிறவன், தூரத்தில் எனக்குத் தப்பு வராது.

---

சேதராப்பட்டு கேலிபரேஷன்

நினைத்தேன். உங்கள் 60 அந்த நாற்காலியில்தான் இருக்கிறது.

ரேடார் கன் விநாடிக்கு 2,415 கோடி முறை அதிர்கிற ஒரு அலையை அனுப்பும். பெரும்பாலான பந்து கன்களில் இந்த அளவுதான். பந்தில் பட்டுத் திரும்பும்போது அதிர்வு கொஞ்சம் கூடியிருக்கும், ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சுருதி ஏறிக் கேட்பது போல. ஒரு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 45 அதிர்வு கூடும். கன் எண்ணுவது அந்தக் கூடுதலை மட்டும்தான்.

ஆனால் கன்னுக்குத் தெரிவது பந்து *தன்னை நோக்கி* வருகிற வேகம் மட்டும். நேர் பின்னால் நின்றால் முழு வேகமும் தெரியும். பக்கவாட்டில் போகப் போக நம்பர் இறங்கும். பத்து டிகிரி விலகினால் ஒன்றரை சதவீதம்தான் போகும், கவலையில்லை. இருபது டிகிரியில் ஆறு சதவீதம். முப்பதில் பதின்மூன்றுக்கு மேல். உங்கள் மகள் பந்தை விடும் இடத்திலிருந்து பிளேட் சுமார் 11 மீட்டர், அந்த நாற்காலி 8 மீட்டர் பக்கத்தில். பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே கோணம் 36 டிகிரி. கோசைன் 0.81. 74ஐ 0.81ஆல் பெருக்கிப் பாருங்கள், 60 வரும். பந்து பிளேட்டை நெருங்க நெருங்கக் கோணம் இன்னும் விரியும், நம்பர் இன்னும் விழும். ஆகவே அங்கே அவர் பார்த்ததே இருந்ததில் நல்ல நம்பர்.

அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். வெயில். நாற்காலி நிழலில்தானே கிடக்கும்.

ஒரு விஷயம் ஞாபகம் வையுங்கள்: கோணம் நம்பரைக் குறைக்கும், ஒருநாளும் கூட்டாது. இரண்டு நல்ல கன் வெவ்வேறு நம்பர் காட்டினால், அதிகம் காட்டிய கன்காரர் எங்கே நின்றார் என்று பாருங்கள். உள்ளரங்கில் அளந்தால் மட்டும் ஜாக்கிரதை. சீலிங் ஃபேன் இறக்கையையும் கன் பந்தாக எடுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பையனுக்கு வாங்கிய பொம்மை கன், யாருமே எறியாதபோது 31 காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் 96. இதில் இரண்டு தப்பு ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

13.11 மீட்டர், அதாவது 43 அடி, பிட்சர் மிதிக்கிற பலகைக்கும் ஹோம் பிளேட்டின் பின்முனைக்கும் உள்ள தூரம். பலகையில் நின்றுகொண்டு யாரும் விண்ட்மில் போடுவதில்லை. முன்னால் தாவித்தான் விடுவார்கள். உங்கள் மகள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் முன்னால் வந்து விடுவாள். பந்து பறந்தது 11 மீட்டர் சொச்சம்தான்.

அடுத்தது கட்டைவிரல். பந்து பறக்கும் நேரம் அரை விநாடிக்குச் சற்று அதிகம். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் 0.1, 0.2 விநாடி எங்கோ போய்விடும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரே அளவு தாமதித்தால் கழிந்துவிடும், ஆனால் விரல் அப்படி ஒழுங்காக நடக்காது. நூறு கிராம் தங்கத்தை அரிசித் தராசில் எடை போடுவது போல.

கன் வாங்காதீர்கள், இப்போதைக்கு. போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறதா? விநாடிக்கு 240 ஃபிரேம், அதாவது 240 படம், எடுக்கும் போன் என்றால் போதும். செய்ய வேண்டியது இது. மகளுக்குச் சற்றுப் பின்னால், ஓரமாக, ஸ்டூலில் போனைச் சாய்த்து வையுங்கள். அவள் கையும் எதிரே வலையும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இங்கே நாம் நேரத்தை மட்டும் எண்ணுகிறோம், ஆகவே போன் எந்தக் கோணத்தில் இருந்தாலும் பாதகமில்லை. பந்து விரலை விட்டுப் பிரிந்த ஃபிரேமிலிருந்து வலை அசைந்த ஃபிரேம் வரை எண்ணுங்கள். தூரத்தை மீட்டரில் எடுத்து 864ஆல் பெருக்கி, ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் கிலோமீட்டர் வேகம். (240ஐ 3.6ஆல் பெருக்கினால் 864. உங்கள் போன் 120 ஃபிரேம் என்றால் 432.)

யூடியூபில் இரண்டு கம்பு நட்டு, பக்கவாட்டில் கேமரா வைத்து, பந்து ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்குப் போவதை எண்ணச் சொல்வார்கள். செய்யாதீர்கள். கம்பு பந்துப் பாதைக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்து, கேமரா ஆறு மீட்டரில் இருந்தால், 17 சதவீதம் அதிகமாகக் காட்டும். மகள் சந்தோஷப்படுவாள், அடுத்த தேர்வில் திரும்ப அழுவாள்.

ஃபிரேம் எண்ணி வருவது சராசரி வேகம். கன் காட்டுவது பெரும்பாலும் கையை விட்ட கணத்து வேகம். சாஃப்ட்பால் பெரிய உருண்டை, காற்று நன்றாகப் பிடிக்கும். என் கணக்கில் 11 மீட்டருக்குள் எட்டு ஒன்பது சதவீதம் வேகம் போய்விடும். ஆகவே சராசரியோடு நான்கைந்து சதவீதம் சேர்த்தால் கன் நம்பருக்குப் பக்கத்தில் வரும். காலையில் அளங்கள். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழுந்து எதிரே அடித்தால் சராசரி ஒன்று இரண்டு குறையும்.

பந்தையும் ஒரு தடவை எடை போடுங்கள். 12 அங்குலப் பந்து 178 முதல் 198 கிராமுக்குள் இருக்க வேண்டும். கடையில் தராசு இருக்குமே.

---

நெல்லிக்குப்பம் பி.டி. டீச்சர்

கேலிபரேஷன் சார் கணக்கு எல்லாம் சரி. நான் மைதானத்தைச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் பிட்சர்தான், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

அண்ணா, கன்னோ போனோ, எது கொண்டு வந்தாலும் முதல் நாளே பிள்ளை மாறிவிடும். பந்தை விட்டதும் கழுத்தைத் திருப்பி நம்பரைப் பார்க்கும். பந்து எங்கே போனது என்று பார்க்காது. கேட்சர் குதித்துப் பிடித்துக்கொண்டிருப்பாள், இவள் "எவ்ளோ மிஸ்?" என்பாள். நான் ஒருமுறை இரவல் கன் கொண்டு வந்தபோது, மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரைக்கே (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) விழவில்லை. தோளை முறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, நம்பருக்காக எறிந்தார்கள். அடுத்த வாரம் கன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள், நன்றாக உடம்பைச் சூடு பண்ணிய பிறகு, பத்துப் பந்து. அதற்கு மேல் அளக்காதீர்கள். நம்பரை அவளிடம் அன்றைக்கே சொல்லவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். கீழ்க்கை எறிதல் தோளுக்கு ஒன்றும் செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. இதை நம்பித்தான் ஒரே பிள்ளையை ஒரே நாளில் மூன்று ஆட்டம் பிட்ச் பண்ண வைக்கிறார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் பிட்சர்களுக்கு 13, 14 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்து என்று வரம்பு வைத்து, ஓய்வு நாளும் எழுதியிருக்கிறார்கள். விண்ட்மில்லில் தோளைப் பிடுங்கி இழுக்கும் விசை உடல் எடைக்குப் பக்கத்தில் வரும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். என் வலது தோள் ஐப்பசி பிறந்தால் இப்போதும் எனக்குச் சொல்லிவிடும்.

74 பற்றிக் கேட்டீர்கள். 14 வயதுக்கு, ஒரு வருடம் பிட்ச் பண்ணிய பிள்ளைக்கு, நல்ல தொடக்கம். உலகத்தில் பெரிய வேகம் என்றால் மோனிகா ஆபட் 2012இல் 77 மைல் போட்டார், அதாவது 124 கிலோமீட்டர். அந்தக் கணக்கையும் 2025இல் கார்லின் பிக்கன்ஸ் தாண்டிவிட்டார். 124 என்றதும் நம் ஊரில் சிரிப்பார்கள், கிரிக்கெட்டில் 140 பார்த்த கண். ஆனால் தூரத்தைப் பாருங்கள். ஆபட்டின் பந்து பேட்டரிடம் வர மூன்றில் ஒரு விநாடி. 140இல் வரும் கிரிக்கெட் பந்துக்கு அதைவிட அதிக நேரம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று: சேஞ்ச்-அப் போடத் தெரியுமா அவளுக்கு? கை அதே வேகத்தில் சுற்ற வேண்டும், பந்து மட்டும் மெதுவாக வர வேண்டும். ஒரே 74ஐத் திரும்பத் திரும்பப் போட்டால் மூன்றாவது தடவை பேட்டர் வெளுத்துவிடுவாள். நான் தேர்வில் உட்கார்ந்தால் அந்த இரண்டு பந்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் கேட்பேன்.

---

முதுநகர் வலைக்கடை

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் பந்து. கடைத் தராசில் வைத்தேன். 214 கிராம்! போன மழையில் இரண்டு நாள் வெளியே கிடந்த பந்து, உள்ளே ஈரம் குடித்து அப்படியே இருக்கிறது போல. தையல் ஓரத்தில் பூஞ்சை வேறு. ஒரு வருடமாக இந்தப் பந்தில்தான் பழகியிருக்கிறாள். அதை வலையின் அடிக்கயிற்றில் எடைக்குக் கட்டிவிட்டேன், ஈயக் குண்டு மாதிரி. புதுப் பந்து ஒன்று வாங்கினேன்: 186.

அடுத்து தூரம். அவள் முன்கால் மணலில் பதிந்த இடத்தைக் கோலமாவால் குறித்து, கை எங்கே விடுகிறது என்று வீடியோவில் பார்த்து, அங்கிருந்து வலைவரை டேப் பிடித்தேன். 11.2 மீட்டர்.

ஃபிரேம் எண்ணுவது சின்னவன் வேலை. ஆறாம் வகுப்பு. போனைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, சத்தமாக எண்ணுவான். நடுவில் யாராவது கடைக்கு வந்து "ரெண்டு கிலோ பத்து எம்எம் கயிறு" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து. பந்து கையில் இருக்கிறதா விட்டுவிட்டதா என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியில் விரலுக்கும் பந்துக்கும் நடுவே பின்னாலுள்ள சுவர் தெரிகிற முதல் ஃபிரேம்தான் கணக்கு என்று முடிவு பண்ணினோம்.

முதல் ஞாயிறு பத்துப் பந்து: 134க்கும் 141க்கும் நடுவில். நடுவாக 137. அதாவது 70.6. சார் சொன்னபடி நான்கரை சதவீதம் சேர்த்தால் 73.8. புதுச்சேரிக் கன் 74 காட்டியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, உண்மையாகவே சொல்கிறேன். பதினெட்டாயிரம் மிச்சம்.

இரண்டாவது ஞாயிறு 138, மூன்றாவது 136. பெரிய மாற்றமில்லை. டீச்சர் சொன்னபடி நம்பரை அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் சின்னவன் உளறிவிட்டான், ஐந்து ரூபாய் முறுக்குக்கு.

சேஞ்ச்-அப் பற்றி அவளிடம் கேட்டேன். "தெரியும், ஆனா யாரும் கேக்கல" என்றாள். புறங்கை முன்னால் வருகிற மாதிரி ஏதோ விடுகிறாள். அது 168 ஃபிரேம். 57.6.

அந்தத் தேர்வு நடத்தியவர்களிடம் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த தேர்வு வரும்போது ஒரு நல்ல சாமியானாவும் நாற்காலியும் நானே கொண்டு போய், கேட்சருக்கு நேர் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நிழல் இருக்கிற இடத்தில் அவர் உட்காருவார்.

---

நெல்லிக்குப்பம் பி.டி. டீச்சர்

13 கிலோமீட்டர் வித்தியாசம், நல்லா இருக்கு. ஆனால் அந்த 168இல் கை மெதுவாகிவிடுகிறதா என்று பார்த்தீர்களா? வேகப் பந்தில் கை உச்சியிலிருந்து இடுப்புக்கு வர எத்தனை ஃபிரேம், இதில் எத்தனை? சின்னவனை எண்ணச் சொல்லுங்கள்.

---

முதுநகர் வலைக்கடை

கேட்டேன் டீச்சர். முறுக்கு பத்து ரூபாய் ஆகிவிட்டதாம்.